நடன ஆய்வுக்குப் போன இடத்தில் சந்தித்தவர்கள்

12 வருஷம் பரதம் கற்று, அரங்கேற்றமும் முடித்த பிறகுதான் முதுகலைக்கு நடனம் எடுத்தேன். "ஆடத்தான் தெரியுமே, இதுல படிக்க என்ன இருக்கு?" என்றார் அம்மா. முதல் பருவத்திலேயே பதில் கிடைத்தது. தேவதாசிகள் ஆடிவந்த, சதிர் என்றிருந்த ஆட்டத்துக்கு 1930-களில் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது, 1935-ல் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறியது, 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுவதோடு (பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதோடு) கோயிலில் ஆடுவதையும் தடை செய்தது... என் 12 வருஷத்தில் ஒருநாள்கூட இதெல்லாம் வகுப்பில் பேச்சில் வரவில்லை.

2013-ல் முனைவர் பட்டக் களப்பணிக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு இசை வேளாளர் வீட்டுக்கு, அதாவது தேவதாசி மரபிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு, போனேன். சட்டம் வந்தபோது அந்தப் பாட்டிக்குப் பதினைந்து வயது. ரெக்கார்டரைப் பார்த்ததும், "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை தங்கம்" என்று முடித்துவிட்டார். மறுநாளும் அதேதான்.

மூன்றாம் நாள் நான் கருவியை எடுக்கவேயில்லை. சேர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவராகவே ஒரு க்ஷேத்ரக்ஞர் பதத்தை, காதலனைப் பார்த்து நாயகி பாடும் தெலுங்குப் பாட்டை, முணுமுணுத்தார். முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, எழுந்திருக்காமல், தூணில் சாய்ந்தபடியே ஒரே வரிக்கு ஆறேழு விதமாக அபிநயம் பிடித்தார். கண், கழுத்து, விரல் நுனி, அவ்வளவுதான். "நீ காட்டு" என்றார். காட்டினேன்.

"ஏன் கண்ணு இப்படி விறைப்பா உக்காந்திருக்கே? அவன் உன் வீட்டுக்குத்தானே வந்திருக்கான்!"

என் தோளில் இருந்த அந்த விறைப்பு எந்தக் காலத்தில், யாருக்காகப் புகுந்தது என்பதே என் ஆய்வின் கேள்வியாகிவிட்டது.

கிளம்பும்போது, "எம் பேரைப் போட்டுடாதே, பேத்திக்கு வரன் பாக்குறோம்" என்றார். நன்றியுரையில் நூலகங்களின் பெயர்கள்கூட இருக்கின்றன. அவர் மட்டும் 'ஒரு மூதாட்டி'.

---

மேலே அந்தப் பாட்டியைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. நான் வேறொரு ஆய்வு மாணவன், தெருக்கூத்துப் பக்கம். செய்யாறு வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் மூன்று மாதம் முன்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு ராத்திரி ஆள் குறைந்தது. "இன்னா தம்பி எழுதிக்கினே கீற? வந்து திரை புடி" என்றார் கூத்துக் குழுவின் வாத்தியார்.

வேஷங்களை அறிமுகப்படுத்தும் கோமாளியான கட்டியக்காரன் பேசி முடித்ததும், கிரீடமும் புஜக்கட்டையுமாகத் துரியோதனன் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் வந்து நின்று பாட ஆரம்பித்தார். அவர் உடம்பின் அதிர்வு துணி வழியாக என் விரலுக்கு வந்தது. அதுவரை திரை ஆடுவதைக் காற்று என்றே குறித்து வைத்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் வழிகாட்டியிடம் போய்த் தலைப்பை மாற்றித் தரக் கேட்டேன். இப்போது எழுதுவது திரை பிடிப்பவர்களைப் பற்றி.