சம்ப்புக்குத் ‘தாங்கல்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைக்கும் இரண்டாவது தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்கு (sump), தமிழ்ச்சொல் தேடும் நம் விவாதத்தில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: கழிவுத்தொட்டி, வடிகட்டுதொட்டி, கீழ்த்தொட்டி. முதலாவதை யோசிக்காமல் தள்ளிவிடலாம். அதில் இருப்பது கழிவு அல்ல. மேலே மீன் நீந்தும் அதே நீர்தான் இடைவிடாமல் இறங்கி ஏறுகிறது. கீழ்த்தொட்டி பிழையில்லாத சொல், ஆனால் இருக்கும் இடத்தைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை.

வடிகட்டுதொட்டியை முன்மொழிந்த ஐயாவோடுதான் எனக்கு வழக்கு. வடிகட்டும் உறையே மாட்டாமல் சம்ப் நடத்துகிறவர்கள் உண்டு. நுரை பிரிக்கும் கருவியை வேறிடத்தில் வைப்பவர்களும் உண்டு. எந்தச் சம்ப்பும் தட்டிக்கழிக்க முடியாத வேலை ஒன்றுதான்: மின்சாரம் போனால் மேலிருந்து வரும் நீரைத் தரையில் கொட்டாமல் வாங்கிக்கொள்வது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல்தொட்டியின் நீளம் 120 செ.மீ., அகலம் 60 செ.மீ. நீரை மேலே திருப்பி அனுப்பும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருக்கிறது. பம்பு நின்றதும் அதே குழாய் வழியாக நீர் பின்னோக்கி உறிஞ்சப்படும். வாய் வெளியே தெரிந்து காற்றுப் புகும் வரை நிற்காது. 120 × 60 × 5, அதாவது 36 லிட்டர். குழாய்களிலும், மேல்தொட்டியில் வழியும் நீரை வாங்கிக் கீழே அனுப்பும் வழிவுப் பெட்டியிலும் உள்ள நீர் தனி. இவ்வளவுக்கும் சம்ப்பில் எந்நேரமும் வெற்றிடம் இருந்தாக வேண்டும். உறிஞ்சலை முறிக்கக் குழாயில் சிறு துளை போடுவது வழக்கம்தான். அதில் பாசி படரும், நத்தை ஒன்று போய் உட்காரும். துளையை நம்பிச் சம்ப்பைச் சிறிதாக்கக் கூடாது.

ஆகவே என் பரிந்துரை: தாங்கல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் ஊர்ப்பெயர்களில் இருக்கும் அதே சொல். வரும் நீரைத் தாங்கி நிற்கும் ஏரி. இதை எடுத்தால் மற்ற உறுப்புகளுக்கும் ஏரிப் பாசனச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. மேல்தொட்டியின் விளிம்பில் நீர் வழிந்து விழும் பல்வெட்டுத் தடுப்பு கலிங்கு. ஏரிக் கலிங்கில் இடைவெளி விட்டு நட்ட கற்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அங்கிருந்து கீழே இறங்கும் குழாய் தூம்பு.

உள்ளறைகளுக்கு வருவோம். தூம்பு வந்து விழும் முதல் அறைக்கு விழறை. அடுத்தது ஸ்கிம்மர், அதாவது முன்பு சொன்ன நுரை பிரிக்கும் கருவி, இருக்கும் அறை. அந்தக் கருவிக்கு அகராதிகாரர்கள் ‘புரத நீக்கி’ என்று எழுதிவிடுவார்கள். அது நீக்குவது புரதத்தை மட்டுமல்ல. நுண்ணிய காற்றுக் குமிழிகளின் மேற்பரப்பில் கரிமப் பொருள்கள் ஒட்டிக்கொண்டு, நுரையாகக் கழுத்தில் ஏறி, மேலுள்ள கிண்ணத்தில் பழுப்புச் சாறாகச் சேர்கின்றன. அவை அழுகி நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே வெளியேறிவிடுவதுதான் இதன் பயன். நுரைவாரி என்றால் போதும். வாருவது கையல்ல, குமிழி என்று யாராவது இடக்குச் செய்தால் செய்யட்டும்.

நுரைவாரிக்கு நீராழம் மாறக் கூடாது. அதனால்தான் அந்த அறைக்கு உயரம் குறித்த தடுப்புப் பலகை. அதைத் தாண்டி, கீழும் மேலுமாக நீரை வளைத்து விடும் பலகைகள் குமிழிகளை மேலேறிப் போகச் செய்கின்றன. இவற்றைக் குமிழித்தடுப்பு எனலாம். கடைசியில் பம்பு இருக்கும் ஏற்றறை. ஆவியாகிப் போகும் நீரின் குறைவு இங்கே மட்டும்தான் தெரியும், மற்ற அறைகளின் மட்டத்தைப் பலகைகள் பிடித்து வைத்திருக்கும். ஆவியாவது நீர்தான், உப்பு அங்கேயே தங்கும். ஒரு கிலோ கடல்நீருக்கு 35 கிராம் உப்பு என்ற அளவு ஏறிவிடாமலிருக்க நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். மிதவை வைத்துத் தானாக ஊற்றும் கருவியின் உணரியும் இந்த அறையில்தான் இருக்கும்.

‘எல்லோரும் சம்ப் என்றே சொல்லும்போது எதற்கு வீண் வேலை?’ என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். சென்னையில் சம்ப் என்றால் வாசலில் தரைக்கடியில் குடிநீர் தேக்கும் தொட்டி. சம்ப் ஒழுகுகிறது என்று குழாய்ப் பணியாளரை அழைத்துப் பாருங்கள். நேராக வாசலில் மூடியைத் தூக்குவார். மோட்டார் இயந்திரத்தின் அடியில் எண்ணெய் தேங்குவதும் சம்ப்தான்.

தாங்கல் என்பது ஏரிக்குரிய சொல், அலமாரிக்குள் அடங்காது என்று விவாதத்தில் ஓர் அம்மையார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவருக்காக ‘தாங்குதொட்டி’ என்று நீட்டவும் எனக்குச் சம்மதம். முதன்முறை படிப்பவருக்கும் அது சட்டென்று விளங்கும். கலிங்கையும் தூம்பையும் மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

மீதமிருப்பது பாசி வளர்க்கும் அறை. மேல்தொட்டியின் விளக்கு அணைந்ததும் இங்கே விளக்கு எரியும். அப்போது பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் இரவில் நீரின் கார அமிலநிலை (pH) அதிகம் சரியாது. மீனுக்குத் தப்பிய சிற்றுயிர்களும் இங்கே பெருகும். ‘புகலறை’ என்றால் பாசி விடுபடுகிறது, ‘பாசியறை’ என்றால் சிற்றுயிர்கள் விடுபடுகின்றன. இரண்டையும் அடக்கும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.