மாலையில் அம்ப்ளிஃபையரில் எழும் இரைச்சல்: ஸ்டெபிலைசர் வாங்கத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். அப்பா விட்டுச்சென்ற இசைத்தட்டுகளைக் கேட்பதற்கென்றே, பல வருடங்களாகப் பணம் சேர்த்து, ஒரு டர்ன்டேபிள், வட்ட வடிவ ட்ரான்ஸ்ஃபோமர் கொண்ட ஓர் அம்ப்ளிஃபையர், ஒரு சோடி ஸ்பீக்கர் ஆகியவற்றை வாங்கினேன். கேபிள் இணைப்புள்ள தொலைக்காட்சியின் ஒலியும் இதே அம்ப்ளிஃபையர் வழியாகவே வருகிறது.

ஸ்பீக்கரில் எந்நேரமும் ஒரு மெல்லிய உறுமல் இருக்கிறது. இரவு ஏழு மணியானதும் அதன்மேல் ஒரு கரகரப்பும் சேர்ந்துகொள்கிறது. சில வேளைகளில் ஸ்பீக்கரில் அல்லாமல் அம்ப்ளிஃபையரின் பெட்டியே ரீங்காரமிடுகிறது. ஆலாபனையில் பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் தம்புராவோடு ஒட்டாத இன்னொரு சுருதி கேட்பதுபோல் இருப்பதால், மனம் இசையில் நிலைப்பதில்லை. மல்டிமீட்டரில் அளந்தபோது பகலில் 236 வோல்ட்டும் இரவில் 221 வோல்ட்டும் காட்டியது. புறக்கோட்டையில் ஒரு கடையில் விசாரித்தபோது, ஸ்டெபிலைசர் பூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். விலை சிறிதல்ல, ஆகவே அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கொட்டாஞ்சேனை எலக்ட்ரீசியன் எழுதியது:

தம்பி, அந்தப் பணத்தை இப்போதைக்குச் செலவழிக்க வேண்டாம். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை வழமையானது. நீங்கள் அளந்த இரண்டு அளவுகளும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. ஸ்டெபிலைசர் வோல்ட் அளவை நிலைப்படுத்துமே தவிர, மின்சாரத்தோடு கலந்து வரும் இரைச்சலை வடிகட்டாது.

நீங்கள் சொல்லும் மூன்று சத்தங்களுக்கும் மூன்று காரணங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். எந்நேரமும் கேட்கும் உறுமல் பெரும்பாலும் எர்த் லூப்: கேபிள் தொலைக்காட்சியின் வயர் வேறோர் இடத்தில் எர்த் செய்யப்பட்டிருக்க, உங்கள் அம்ப்ளிஃபையர் வீட்டு எர்த்தில் இருக்க, அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள சிறு வோல்ட் வேறுபாடு ஒலி வயரின் உறை வழியாக 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தை ஓட்டுகிறது. தொலைக்காட்சியிலிருந்து அந்தக் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் விடை கிடைத்துவிட்டது. மாலையில் சேரும் கரகரப்புக்கு, ஃபேனின் வேகத்தைக் குறைக்கும் ட்ரையாக் வகை ரெகியுலேட்டரையும் மலிவான எல்ஈடி மின்குமிழ்களையும் ஒவ்வொன்றாக அணைத்துச் சோதியுங்கள். அந்த ரெகியுலேட்டர் மின்னலையை விநாடிக்கு நூறு தடவை வெட்டுவதால்தான் அப்படி ஒரு கூரிய சத்தம் எழுகிறது.

பெட்டியின் ரீங்காரம் வேறு சங்கதி. மின்னலையின் ஒரு பாதியை மட்டும் இழுக்கும் கருவிகள், உதாரணமாகச் சில ஹெயர் ட்ரையர்கள் குறைந்த வேகத்தில் ஓடும்போது, மின்சாரத்தில் சிறிதளவு நேர்மின்னோட்டம் (டீசி) கலந்துவிடும். வட்ட ட்ரான்ஸ்ஃபோமர் அதைத் தாங்காமல் அதிரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் உறுமல் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உறுமல் நிற்கலாம், ஆனால் அம்ப்ளிஃபையருக்குள் ஏதாவது பழுதாகி அதன் உலோகப் பெட்டியில் மின்சாரம் ஏறினால், அதைத் தொடும் கைதான் எர்த் ஆகும்.

தெஹிவளை இரசிகர் எழுதியது:

மேலே ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நீங்கள் கடலோரத்தில் இருப்பதால் பிளக் பொயின்ட்டுகளின் உள்ளே உப்புக்காற்று செய்யும் வேலையையும் கவனியுங்கள். அம்ப்ளிஃபையர் இருக்கும் அதே பொயின்ட் வரிசையில் ஒரு 2,000 வொட் கேத்தலைப் போட்டு, போடுவதற்கு முன்னும் பின்னும் வோல்ட் அளந்து பாருங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் இருபது மீட்டர் ஓடினால், ஏறக்குறைய 3 வோல்ட் குறைவது இயல்பு. பத்து வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. எங்கள் பழைய வீட்டில் மெயின் போர்ட்டில் நியூட்ரல் வயர், அதாவது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வயர், இப்படித் தளர்ந்து, கடைசியில் கழன்றே போனது. மூன்று ஃபேஸ் இணைப்பு என்பதால் ஒரு பக்கத்து வோல்ட் கட்டுக்கடங்காமல் ஏறி, என் சீடி பிளேயர் ஒரே இரவில் கருகியது. அன்றைக்கு வந்த வாடை இன்னும் மறக்கவில்லை.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கேபிளைக் கழற்றிய கணமே உறுமல் அடங்கிவிட்டது. ஆகவே தொலைக்காட்சியின் ஒலியை, மின்னோட்டம் கடத்தாத ஒப்டிக்கல் வயரிலும், அதை மாற்றித் தரும் ஒரு சிறு கருவியிலும் கொண்டுவந்துவிட்டேன். கரகரப்புக்குக் காரணம் கூடத்து ஃபேன் ரெகியுலேட்டர்தான். கெப்பாசிட்டர் வகைக்கு மாற்றியதும் போய்விட்டது.

கேத்தல் சோதனையில் 11 வோல்ட் குறைந்தது. எலக்ட்ரீசியன் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பொயின்ட்டைக் கழற்றிக் காட்டியபோது, திருகாணியின் தலையில் பச்சைப் பாசிபோலக் களிம்பு படிந்திருந்தது; வயரின் நுனி கறுத்து, இழுத்ததும் கையோடு வந்தது. நுனியை வெட்டிப் புதிய பொயின்ட்டில் பூட்டிய பின் 4 வோல்ட்தான் குறைகிறது. நேற்றிரவு ஒரு தவில் தனியாவர்த்தனம் கேட்டேன். தவிலின் இடப்பக்கமான தொப்பியின் முழக்கம் அடங்கி, அடுத்த அடி விழுவதற்கு முன்னுள்ள அமைதி, இந்த வீட்டில் முதன்முறையாக அமைதியாகவே இருந்தது.

பெட்டியின் ரீங்காரம் மட்டும் இடைக்கிடை வருகிறது. எங்கள் வீட்டில் ஹெயர் ட்ரையர் இல்லை.

கொட்டாஞ்சேனை எலக்ட்ரீசியன் எழுதியது:

அப்படியானால் அது அயல் வீடு ஒன்றிலிருந்து வரக்கூடும். டீசி ப்ளொக்கர் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. பெரிய கெப்பாசிட்டர்களும் டயோட்களும் கொண்டது. அந்த நேர்மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். மெயின் மின்சாரத்தில் தொடராகப் பூட்டப்படுவதால், நீங்களே செய்ய முயலாமல் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். மிச்சமாகும் பணத்தில் மெயின் போர்ட்டில் ஒரு சர்ஜ் (திடீர் வோல்ட் எகிறல்) பாதுகாப்புக் கருவியைப் பூட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள், ஏனெனில் எர்த் நன்றாக இல்லாவிட்டால் அது சரியாக வேலை செய்யாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கும் முன்னரே அம்ப்ளிஃபையரின் பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றி வையுங்கள்.