பெல்லட் அடுப்பு: தேய்ஞ்ச பாகத்தை மாத்துறதா, அடுப்பையே மாத்துறதா?

காரைக்குடி மெஸ்:
நம்ம மெஸ்ஸில் சோறு, குழம்பு, ரசம் எல்லாம் பெல்லட் அடுப்பில்தான். மரத்தூள், உமி மாதிரியானதை அழுத்திச் செஞ்ச சின்ன உருளைதான் பெல்லட். காற்று ஊதுற ப்ளோயர் வைச்ச பெரிய அடுப்பு. பெல்லட் கொட்டி வைக்கிற ஹாப்பரிலிருந்து திருகுத்தண்டு பெல்லட்டைத் தீச்சட்டிக்குள் தள்ளும். இப்ப அடியில் இருக்கிற சல்லடைத் தட்டு நடுவில் தொங்கிப்போச்சு. உள்பூச்சு வெடிச்சுப் பேந்து விழுது. ப்ளோயர் ஓடும்போது கரகரன்னு சத்தம். விற்றவர் "இந்த மாடலுக்குப் பாகம் வர்றதில்லை, புதுசு எடுத்துக்கங்க" என்கிறார். ஆனா வெளிக்கூடு, ஹாப்பர், திருகுத்தண்டு மூணும் திடமா இருக்கு. பழசையே நல்ல உலோகத்தில் பாகம் போட்டு ஓட்டலாமா? செய்து பார்த்தவங்க சொல்லுங்க.

தேவகோட்டை பட்டறை:
தாராளமா ஓட்டலாம்ணே. இந்த அடுப்பில் தேயறது நெருப்பு படுற இடம் மட்டும்தான். சாதா இரும்புத் தட்டு 550 டிகிரிக்கு மேலே போனா செதில் செதிலா உரியும், தணல் கிடக்கிற இடத்துச் சூடு அதைவிட ரொம்ப அதிகம். எஸ்எஸ்னா துரு பிடிக்காத இரும்பு. எஸ்எஸ் 304ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். எஸ்எஸ் 310ல் குரோமியம் 25, நிக்கல் 20. அது ஆயிரம் டிகிரியைத் தாங்கும். விலை கூடத்தான், ஆனா ஒரு தட்டுக்கு எத்தனை கிலோ வந்துடும்? 310ல் கனமாப் போட்டு, துளையையும் கொஞ்சம் பெரிசாக்கிட்டா சாம்பல் அடைக்காது. கூடு நல்லா இருக்கிற அடுப்பைக் காயலான் கடைக்குப் போடுறதுக்கு எனக்கு மனசே வராது.

கானாடுகாத்தான் சமையல்:
நான் இதுக்கு நேர் எதிர். கல்யாண வேலைக்குப் போறவன் என்கிற முறையில் சொல்றேன். இலை போட்டு ஆளுங்க உட்கார்ந்த பிறகு அண்டா பாதிக் கொதியில் நின்னா, தட்டு 310ஆ 304ஆன்னு யாரும் கேட்க மாட்டாங்க. இன்னைக்கு தட்டு, அடுத்து பேரிங், அப்புறம் கியர் மோட்டார்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும். பழசை வந்த விலைக்குக் கொடுத்துட்டு கேஸுக்குப் போங்க. திருகினா எரியுது, மூடினா அணையுது.

காரைக்குடி மெஸ்:
அண்ணே, தினமும் மூணு வேளை சமைக்கிற இடத்துக்கு கேஸ் கட்டுப்படியாகலை. அதனாலதான் பெல்லட்டுக்கே வந்தோம்.

கொதிகலன் பொறியாளர்:
கணக்கை ஒருமுறை நேராகப் பார்த்துவிடலாம். வணிக சிலிண்டரில் 19 கிலோ எரிவாயு. கிலோவுக்கு ஏறத்தாழ 11,000 கிலோகலோரி. நல்ல பெல்லட்டில் கிலோவுக்கு 4,000 அளவு. வெறும் வெப்பக் கணக்கிலேயே ஒரு சிலிண்டருக்கு 50 கிலோவுக்கு மேல் பெல்லட் வேண்டும். பெல்லட் அடுப்பில் வீணாகும் சூடு அதிகம் என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். உங்கள் ஊர் பெல்லட் விலையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.

பட்டறை நண்பர் சொன்னதில் 310 சரி. துளையைப் பெரிதாக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ப்ளோயர் காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு தட்டின் துளை வழியே கீழிருந்து ஏறி, பெல்லட்டிலிருந்து வாயுவைக் கிளப்புகிறது. மற்றது தீச்சட்டியின் மேல்விளிம்புத் துளைகளில் நுழைந்து அந்த வாயுவை எரிக்கிறது. கீழ்த்துளையைப் பெரிதாக்கினால் காற்று அங்கேயே போய்விடும், மேலே குறையும். சுவாலை நீண்டு மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி படியும், கார்பன் மோனாக்சைடு கூடும். முற்றம் திறந்திருக்கும் பழைய வீட்டில் புகை போய்விடும். ஷட்டர் கடையின் பின்னறையில் வேலை செய்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. எந்த உலோகம் போட்டாலும் துளையின் விட்டமும் எண்ணிக்கையும் பழையபடியே இருக்கட்டும்.

பள்ளத்தூர் பலகாரம்:
எல்லாரும் தட்டையே பேசுறீங்க. அதில் என்ன போட்டு எரிச்சீங்கன்னு யாரும் கேட்கலை. நாங்க கைமுறுக்கும் சீப்புச் சீடையும் சுடுற இடம், எண்ணெய்ச் சூடு ஏறி இறங்கினா ஒரு ஈடு முழுக்கப் போயிடும். அதனால பெல்லட் மூட்டையைப் பிரிச்சுப் பார்க்காம நான் வாங்கறதே இல்லை. மரத்தூள் பெல்லட்னா சாம்பல் ஒரு சதவீதம் அளவில் நிக்கும். உமி கலந்தா எங்கேயோ போயிடும், வெறும் உமியில் 15லிருந்து 20 சதவீதம் சாம்பல்தான். பொட்டாசியம் அதிகமான சரக்குனா அந்தச் சாம்பல் உருகி, முத்தின வெல்லப்பாகு மாதிரித் தட்டில் ஒட்டி இறுகிடும். துளை அடைச்ச இடத்தில் குளிர்ந்த காற்று ஏறாது, அங்கேதான் தட்டு முதலில் தொங்கும். சரக்கை மாத்தாம 310 போட்டாலும் அதுவும் போகத்தான் போகுது.

தேவகோட்டை பட்டறை:
ஆச்சி, 310 அவ்வளவு சுலபமாப் போகாது.

பள்ளத்தூர் பலகாரம்:
தம்பி, துரு பிடிக்காத இரும்பைக் காப்பாத்துறது அதுமேல இருக்கிற குரோமியம் ஆக்சைடு படலம்தானே? மட்டமான சரக்கில் பொட்டாசியத்தோட குளோரினும் வருது, அது அந்தப் படலத்தையே தின்னும். எம்மவன் படிச்சதும் இதுதான். துருவை ஆராய்ச்சி பண்ண 1953லயே மின்வேதியியல் நிலையம் வந்த ஊரு காரைக்குடி. இங்கே உக்காந்துகிட்டு "எஸ்எஸ்னா ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லலாமா?

கொதிகலன் பொறியாளர்:
ஆச்சி சொல்வது முழுக்கச் சரி. 310 ஆயுளைக் கூட்டும், அழியாமை தராது. இன்னொன்று, துருப்பிடிக்காத எஃகு சாதா இரும்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு விரியும். 250 மி.மீ. தட்டு 800 டிகிரி சூடேறினால் 3 மி.மீ.க்கு மேல் விரிகிறது. இறுக்கமாக உட்காரவைத்தால் விரிய இடமில்லாமல் மேலும் கீழும் வளையும். சுற்றிலும் 2 மி.மீ. விட்டு, வெல்டிங் வைக்காமல் சும்மா உட்காரவைக்க வேண்டும்.

தேவகோட்டை பட்டறை:
இடைவெளி விடுறது எங்களுக்கும் தெரிஞ்சதுதான் சார். துளை விஷயத்தில் உங்க பேச்சை எடுத்துக்கிறேன், பழைய அளவே போடலாம். கனத்தை மட்டும் கூட்டுவேன். அதில் தப்பில்லையே?

கொதிகலன் பொறியாளர்:
தப்பில்லை. மேல்பரப்பு பழைய உயரத்திலேயே நிற்க வேண்டும். கூடுகிற கனம் கீழ்ப்பக்கம் போகட்டும், சாம்பல் தட்டை இடிக்காமல்.

கோட்டையூர் கொத்தனார்:
உள்பூச்சுக்கு எதுக்கு வெளியூர் சாமான்? நம்ம ஊர் சுண்ணாம்புக் காரை நூறு வருஷம் தாண்டியும் சுவரில் கண்ணாடியா நிக்குது. கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைச்சுப் பூசிக் கொடுக்கிறேன்.

கொதிகலன் பொறியாளர்:
ஐயா, அந்தக் காரை மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு, ஆனால் அதன் இடம் சுவர். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகுகிறது. 800, 900 டிகிரியில் அந்த வாயு மறுபடி வெளியேறி, காரை பொடியாகிவிடும். சாதா சிமென்ட்டும் 500 டிகிரி வாக்கிலேயே கட்டு விட்டுப்போகும். அலுமினா கலந்த தீக்காரைதான் சரி. பேந்ததை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு வார்த்து, ஒரு நாள் இறுகவிட்டு, பிறகு சின்ன நெருப்பில் மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது முழு நெருப்பு வைத்தால் நீராவி பூச்சைப் பிளந்துவிடும்.

தேவகோட்டை பட்டறை:
ப்ளோயர் சத்தம் பேரிங்தான். மூடின பேரிங்கா, உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதலா இருக்கிற சி3 ரகமாக் கேட்டு வாங்குங்க, சூட்டில் இறுகாது. அதைவிட முக்கியம், சமையல் முடிஞ்சதும் சுவிட்சை அணைக்காதீங்க. தீச்சட்டி ஆறுற வரைக்கும் காற்று ஓடணும். நிறுத்திட்டா சூடு தண்டு வழியா மோட்டாருக்கு ஏறும், சில அடுப்பில் நெருப்பே ஹாப்பர் பக்கம் திரும்பும். அப்புறம் ரெண்டு விஷயம் யாரும் பண்ணாதீங்க. தகரம் கிடக்குதேன்னு துத்தநாகம் பூசின ஜிஐ தகட்டைத் தீச்சட்டியில் ஒட்டுப்போடாதீங்க, துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகும், அந்தப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும். மூடிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு கட்டாதீங்க, கண்ணாடியிழைக் கயிறே கிடைக்குது.

கானாடுகாத்தான் சமையல்:
இதைத்தான் நானும் சொல்றேன். காற்றை ஓடவிடணும், மூட்டையைப் பிரிச்சுப் பார்க்கணும், இடைவெளி அளக்கணும். மெஸ்ஸில் இன்னைக்கு இருக்கிற பையன் நாளைக்கு இருக்க மாட்டான். ஐப்பசி மழையில் பெல்லட் ஈரம் குடிச்சு உதிர்ந்து திருகுத்தண்டில் சிக்கினா யார் பார்ப்பாங்க? நிலையான இடத்துக்குச் சரி. ஊர் ஊரா வண்டியில் ஏத்தி இறக்கற எனக்கு ஒத்துவராது, என் கருத்தை மாத்திக்க மாட்டேன்.

பள்ளத்தூர் பலகாரம்:
அது உங்க தொழிலுக்கு நியாயம்தான். மெஸ் தம்பிக்கு மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காம பலகைமேல அடுக்கி, வாய் கட்டி வைச்சாப் போதும். தினம் காலையில் அடுப்பு ஆறியிருக்கும்போதே தட்டைத் தூக்கித் துளை துளையாக் குத்தி விடுங்க. முதல்ல சரக்கை மாத்துங்க, பிறகு தட்டு.

காரைக்குடி மெஸ்:
எல்லாருக்கும் நன்றி. பழசையே சரி பண்றேன். தட்டு 310, துளை பழைய அளவு. பூச்சு தீக்காரை. பேரிங் புதுசு. மரத்தூள் சரக்கு தர்றவங்களை விசாரிச்சுட்டிருக்கேன். கானாடுகாத்தான் அண்ணன் பயம் எனக்கும் உண்டு, அதனால ஒரு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கையிருப்பில் இருக்கும். பட்டறைக்கு எதை எதை எடுத்து வரணும்?

தேவகோட்டை பட்டறை:
பழைய தட்டைக் கண்டிப்பா எடுத்து வாங்கண்ணே. நிமிர்த்த வேண்டாம், அடைப்பைத் தட்டி எடுக்கவும் வேண்டாம். அரிச்சுப் போகாத ஓரத்துத் துளையில் அளவெடுத்தாத்தான் சரியா வரும். தீச்சட்டியையும் கழற்றிக் கொண்டு வந்தா மேல்விளிம்புத் துளையையும் பார்த்திடலாம்.

கொதிகலன் பொறியாளர்:
புதுத்தட்டு போட்டதும் முதல் நெருப்பில் சுவாலையின் படம் ஒன்று இங்கே போடுங்கள். நீண்டு மஞ்சளாக இருந்தால் ப்ளோயர் ரெகுலேட்டரைத் தொடும் முன் மேல்துளைகளைப் பாருங்கள்.