சிங்கப்பூர்ல கை அடிபட்ட மச்சானுக்கு பர்மிட் கேன்சல், நாளை மறுநாள் டிக்கெட். ஏறலாமா?

பெருந்துறைக்காரன்:
வணக்கமுங்க. மச்சான் சிங்கப்பூர்ல கட்டட வேலைக்கு ஒர்க் பர்மிட்ல இருக்காருங்க. 3 வாரத்துக்கு முன்னால சைட்ல பலகை விழுந்து இடது கையில ரெண்டு விரல் நசுங்கிருச்சு. கம்பெனி டாக்டர் 2 நாள் எம்.சி. (மருத்துவ லீவு) குடுத்துட்டு, மீதிக்கு லைட் டியூட்டின்னு (லேசான வேலை) எழுதிட்டாரு. இப்ப பர்மிட்டைக் கேன்சல் பண்ணி கோயமுத்தூருக்கு டிக்கெட்டும் போட்டுட்டாங்க. 2 மாச ஓ.டி. காசும் பாக்கி. "ஊருக்குப் போ, அக்கவுண்டுல வந்துரும்"கிறாங்க. என்ன பண்றதுங்க?

நொய்யல்கரை:
ஏறவே வேண்டாமுங்க. பர்மிட்டைக் கேன்சல் பண்ண கம்பெனிக்கு உரிமை இருக்குது. ஆனா சம்பள பாக்கி மொத்தத்தையும் தீர்த்துட்டுத்தான் ஆளை அனுப்போணும்னு ஒர்க் பர்மிட் நிபந்தனையிலயே இருக்குது. ஊருக்கு வந்த பிறகு கேஸ் போடக் கூடாதுன்னு சட்டம் சொல்லலை. ஆனா விரல் எவ்வளவு மடங்குதுன்னு அளந்து ஊனம் இத்தனை சதவீதம்னு எழுதற டாக்டர் அங்கதான் இருக்காரு. அந்தக் கணக்கு பெரும்பாலும் அடிபட்டு 6 மாசம் கழிச்சுத்தான் வரும்.

முதல் வேலையா நாளைக் காலையில அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்க. எந்தத் தேதி, எந்த சைட், என்ன விழுந்துச்சுன்னு சொல்லி, "வேலையில அடிபட்டது"ன்னு ரிப்போர்ட்ல எழுதச் சொல்லோணும். இந்த ஒரு வரி இல்லாமப் போயி "ரூம்ல வழுக்கி விழுந்தான்"னு கம்பெனி சொல்றதுதான் அடிக்கடி நடக்குது. அப்பறம் மனிதவள அமைச்சுக்கு (எம்.ஓ.எம்.) 6438 5122-ல கூப்பிட்டு, ரெண்டு நாள்ல டிக்கெட் இருக்குதுங்கறதை முதல்லயே சொல்லோணும். வெளிநாட்டு ஊழியர் மையத்தோட உதவி எண் 6536 2692.

காயத்துக்கான இழப்பீட்டுல யார் மேல தப்புன்னு நிரூபிக்கத் தேவையில்லை. அடிபட்ட நாள்ல இருந்து 1 வருசத்துக்குள்ள கோரோணும், அவ்வளவுதான். எம்.சி. நாளுக்கு முதல் 14 நாள் முழுச் சம்பளம், ஆஸ்பத்திரியில படுத்திருந்தா 60 நாள் வரைக்கும் முழுசு. அதுக்கு மேல மூணுல ரெண்டு பங்கு, 1 வருசம் வரைக்கும். இந்தச் சம்பளத்தை ஓ.டி.யும் சேர்த்து கடைசி 12 மாசச் சராசரியில போடோணும். கம்பெனிக்காரங்க வெறும் பேசிக்ல போட்டுக் குடுப்பாங்க, விடாதீங்க.

திருச்செங்கோட்டு மணி:
ஓ.டி. பாக்கிக்கு ஒரு கணக்கு. ஐ.பி.ஏ. கடுதாசியில (சம்பளம் எழுதி அமைச்சு குடுக்கற ஒர்க் பர்மிட் முன் அனுமதி) பேசிக் மாசம் 800 வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலர்) இருந்தா, 800-ஐ 12-ஆல பெருக்கி, 52 வாரம் பெருக்கல் வாரத்துக்கு 44 மணி நேரம், அதால வகுக்கோணும். மணிக்கு 4.20 வெள்ளி வரும். அதுல ஒண்ணரை மடங்கு 6.29. பேஸ்லிப்புல பேசிக்கை 500-னு காட்டி, மிச்சத்தை அலவன்ஸ்னு எழுதி, ஓ.டி.யை 3.93-ல போட்டிருக்காங்களான்னு பாருங்க. 60 மணி நேரத்துக்கு 141 வெள்ளி அங்கயே போயிருது. ஊழியர் எழுத்துல சம்மதிக்காம, அமைச்சுக்கும் தெரிவிக்காம ஐ.பி.ஏ.வுல இருக்கற சம்பளத்தைக் குறைக்க முடியாதுங்க.

சம்பளப் புகார் டி.ஏ.டி.எம்.-க்குப் (சம்பளத் தகராறைப் பேசித் தீர்க்கற அமைப்பு) போகோணும். கடைசி வேலை நாள்ல இருந்து 6 மாசம்தான் கெடு. அப்பறம், "எல்லாம் வாங்கிட்டேன்"னு எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போட வேண்டாம், வெத்துத் தாள்ல சுத்தமா வேண்டாம். காயத்துக்கான உரிமையை எழுதிக் குடுத்துட்டாலும் அது செல்லாது. சம்பள விசயத்துல அந்தக் கையெழுத்தே நமக்கு எதிரா நிக்கும்.

பெருந்துறைக்காரன்:
ரொம்ப நன்றிங்ணா. வேன்ல ஏத்திட்டு நேரா ஏர்போர்ட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டா?

நொய்யல்கரை:
ரூம்ல பூட்டி வெச்சாலோ, கையைப் பிடிச்சு இழுத்து ஏத்தினாலோ அது குற்றம், 999-க்கு அடிக்கலாம். ஏர்போர்ட் வரைக்கும் போயிட்டாலும் வழி அடைபடலை. சாங்கி ஏர்போர்ட்டுல இப்ப ஆட்டோ கேட்தான் (மெசினே சோதிச்சு விடற வாசல்). அதுல நுழைஞ்சுட்டா அதிகாரி முகத்தையே பார்க்காம உள்ள போயிருவாரு. அதனால குடிநுழைவு அதிகாரி இருக்கற கவுண்டருக்குப் போயி, "ஒர்க் இஞ்சுரி, சேலரி நாட் பெய்ட், ஐ வாண்ட் எம்.ஓ.எம்."னு சொல்லச் சொல்லுங்க. இதைச் சொன்னா விசயம் அமைச்சுக்குப் போகும். கட்டுப்போட்ட கையைக் காட்டட்டும்.

காங்கேயத்து வக்கீல்:
ஒண்ணு விட்டுப்போச்சுங்க. கம்பெனியை விட்டு ஓடி நண்பர் ரூம்ல ஒளிஞ்சுக்கறது பெரிய ஆபத்து. கேன்சலான பிறகு ஸ்பெசல் பாஸ் இல்லாம 90 நாளைத் தாண்டினா ஜெயிலும் பிரம்படியும் வரைக்கும் போகும். புகார் பதிவாயிட்டா, கேஸ் முடியற வரைக்கும் தங்க ஸ்பெசல் பாஸ் கிடைக்கும். அதுல தேதி இருக்கும், முடியறதுக்கு முன்னாலயே புதுப்பிக்கோணும். அனுமதி இல்லாம அந்தப் பாஸ்ல ஒரு நாள் கூலிக்குக்கூடப் போகக் கூடாது, போனா கேஸ் ஒரு பக்கம் இருக்க இவரே குற்றவாளி ஆயிருவாரு. கேஸ் முடிஞ்சு ஊருக்கு அனுப்பற வரைக்கும் தங்கற இடம், சாப்பாடு, வைத்தியம் எல்லாம் கம்பெனி பொறுப்பு.

இழப்பீட்டுத் தொகை நோட்டீஸ் வந்தா ஆட்சேபிக்க 14 நாள்தான். வக்கீல் கட்டாயமில்லை. டார்மிட்டரி வாசல்ல நின்னு "கேஸ் நாங்க பாத்துக்கறோம்"னு கமிசன் பேசறவங்களை நம்ப வேண்டாம்.

இங்கிருந்து அயலகத் தமிழர் நலத்துறைக்கு 1800 309 3793-ல சொல்லி வையுங்க. இன்னைக்கு ராத்திரியே ஐ.பி.ஏ., பேஸ்லிப், டைம் கார்டு, எம்.சி., விரல் போட்டோ எல்லாத்தையும் உங்க வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லுங்க. போனைப் பிடுங்கிட்டா அவருகிட்ட ஒண்ணும் மிஞ்சாது.