கால் வலி என்றுதான் அப்பா சொன்னார்

வைகைக்கரை:

அப்பாவுக்கு 76 வயது, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. காலையில் டீக்கடைக்குப் போனால் பேப்பரை முழுக்கப் படித்து, நாலு பேரோடு வாதாடிவிட்டுத்தான் திரும்புவார். போன ஆடியிலிருந்து போவதை நிறுத்திவிட்டார். கேட்டால் கால் வலி. அப்புறம் வயிறு எரிகிறது, தலை கிறுகிறுக்கிறது, ராத்திரி 3 மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது என்று தினம் ஒன்று. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தோம், எதிலும் குறை இல்லை. "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு மருத்துவர் சொன்னார். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

பேத்தியின் பெயர் அவருக்கு வாயில் வராமல் போன அன்றைக்குத்தான் பயந்தோம். மறதி நோயோ என்று முதியோர் நல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவிடம் 15 கேள்விகள் கேட்டார். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னால் போதும். வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கத் தோன்றுகிறதா, வாழ்க்கை வெறுமையாகத் தெரிகிறதா, இந்த மாதிரி. வயதானவர்களின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கவென்றே 1980களில் உருவாக்கிய கேள்விகளாம். தூக்கம், பசி, மூட்டுவலி பற்றி அதில் எதுவும் இல்லை. அவை மனச்சோர்வு இல்லாத முதியவருக்கும் இருக்கும் என்பதால் விட்டுவிட்டார்களாம். அப்பாவுக்கு 15க்கு 11 வந்தது, மனச்சோர்வைக் காட்டும் எண்.

மனச்சோர்விலும் ஞாபகம் மங்கும் என்றார் மருத்துவர். மறதி நோய் வந்தவர் பெரும்பாலும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். அப்பாவோ "எனக்கு எல்லாம் மறந்துபோகுது" என்று தானே புலம்பிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஆறு மாதம் கழித்து ஞாபகத்தை மறுபடி சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் உப்பு பார்த்துவிட்டு மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்தார். இந்த மாத்திரை வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்கிவிடலாம், அதிலும் அப்பா பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் என்று இரண்டு வாரத்தில் திரும்பவும் ரத்தம் எடுத்தார்கள். நாலு வாரம் வரை பெரிய மாற்றம் தெரியவில்லை. அந்த நாலு வாரம் காத்திருந்ததுதான் கஷ்டம்.

டீக்கடையை விட்ட காரணத்தை அப்பா எங்களிடம் சொல்லவில்லை, மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். "யாரு என்ன பேசுறாங்கன்னே புரியலை. சும்மா சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க வெட்கமா இருக்கு." காது! வீட்டில் டிவி சத்தத்துக்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறோம், அப்போதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. போன வாரம் காதுக்குக் கருவி வாங்கினோம்.

மாடிவீட்டு மருமகள்:

உங்கள் அப்பா கால் வலி என்று சொன்னதைப் படித்ததும் என் மாமியார் ஞாபகம் வந்தது. மாமா போனபின் "பேசாம நானும் போய்ச் சேர்ந்துடணும்" என்பார். வயதானவர்கள் எல்லாரும் சொல்வதுதானே என்று இருந்தேன். ஒரு நாள் தலையணை உறைக்குள் பிரஷர் மாத்திரைகள் கிடந்தன, வாரக்கணக்கில் போடாமல் சேர்த்தவை. பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணம் வலுத்துவிடுமோ என்று நடுங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மாத்திரைகளை நான் வைத்துக்கொண்டேன். அன்று ராத்திரியே 14416க்குக் கூப்பிட்டோம். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசினார்கள். மறுநாள் மனநல மருத்துவரைப் பார்த்தோம். இப்போது மாத்திரையை நானே கையில் கொடுத்து, போடும்வரை கூட இருக்கிறேன்.

பழைய திண்ணை:

எனக்கு 79. எங்களில் எல்லாரும் சோர்ந்து கிடப்பதில்லை அம்மா. நாற்பது வயதில் இருந்த கோபமும் பதற்றமும் எனக்கு இப்போது பாதிகூட இல்லை. என்னை வாட்டுவது ஒன்றுதான்: மருத்துவர் முன்னால் என்னை வைத்துக்கொண்டே "இவர் சரியா சாப்பிடுறதில்லை" என்று பிள்ளைகள் பதில் சொல்வது. வைகைக்கரையின் மருத்துவர் அப்பாவைத் தனியாகக் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கருவி போட்ட முதல் சில வாரம் தட்டு வைக்கிற சத்தம்கூட இடி மாதிரி விழும் தம்பி. நான் கழற்றி மேஜைக்குள் போட்டுவிட்டேன், ஒரு வருடம் வீணானது. முதலில் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் போட்டுப் பழகச் சொல்லுங்கள். டீக்கடையில் சுவர் ஓரமாக, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பேச்சு நன்றாகக் கேட்கும்.