பழைய புல்லட்டுக்கு எந்த ஸ்பார்க் பிளக் பொருந்தும்?

கேள்வி:
என்னிடம் 1986-ஆம் ஆண்டு புல்லட் 350 இருக்கிறது. வார்ப்பிரும்பு சிலிண்டரும் பாயிண்ட் (மின்சாரத்தை இணைத்துத் துண்டித்துத் தீப்பொறியை வரவழைக்கும் தொடுமுனை) வகைப் பற்றவைப்பும் கொண்ட பழைய எஞ்சின். கழற்றிய பிளக்கில் மைக்கோ டபிள்யூ 175 என்று பொறிக்கப்பட்டுள்ளது. அதன் முனை உலர்ந்த கரியாக இருக்கிறது. கடைக்காரர் டபிள்யூ 7 என்று ஒன்றையும், என்ஜிகே நிறுவனத்தின் 8 என்ற எண்ணுள்ள ஒன்றையும் எடுத்து வைத்து, எதை வேண்டுமானாலும் போடலாம் என்கிறார். 175 எங்கே, 7 எங்கே? எதை நம்புவது?

முதல் பதில்:
ஐயா, குழப்பம் எண்களில்தான் இருக்கிறது. அந்த எண் பிளக் எவ்வளவு விரைவாகத் தன் வெப்பத்தை சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைக் குறிக்கும். மைக்கோ, பாஷ் நிறுவனங்களின் பழைய முறையில் எண் கூடக் கூட பிளக் குளிர்ச்சியானது, அதாவது வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடும். பாஷின் புதிய முறையில் எண் குறையக் குறையக் குளிர்ச்சியானது. என்ஜிகேயிலோ மறுபடியும் எண் கூடினால்தான் குளிர்ச்சி. பழைய 175-க்கு நிகர் புதிய டபிள்யூ 7; என்ஜிகேயில் அது ஏறக்குறைய 6. ஆகவே 8 உங்கள் வண்டிக்கு இரண்டு படி குளிர்ச்சியாகிவிடும். பிளக்கின் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரி தானாக எரிந்து போகும். நிதானமாக ஓடும் புல்லட்டில் 8-ஆம் எண் அந்த வெப்பத்தை எட்டாமல் இன்னும் கறுக்கும். அதற்காக என்ஜிகேயில் 5, 4 என்று இறங்கிவிடவும் வேண்டாம். முனை 850 டிகிரியை நெருங்கினால் தீப்பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல்-காற்றுக் கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனைக் கெடுக்கும்.

இரண்டாம் பதில்:
எண்ணைவிட மரையின் நீளத்தை நான் முதலில் பார்ப்பேன். 14 மி.மீ. விட்டமுள்ள பிளக்குகளிலேயே 12.7 மி.மீ. நீள மரையும் உண்டு, 19 மி.மீ. நீள மரையும் உண்டு. என்ஜிகேயில் எச் என்ற எழுத்து முந்தையதையும், இ பிந்தையதையும் குறிக்கும். பாஷில் அவை முறையே ஏ, டி. குட்டையான ஹெட்டில் நீளமானதைப் போட்டால் அது உள்ளே நீட்டிக்கொண்டு வால்விலோ பிஸ்டனிலோ இடிக்கக்கூடும். பழைய பிளக்கை ஸ்கேலில் அளந்துவிட்டு வாங்குங்கள். இரிடியம் பிளக்குக்குப் பணம் செலவிட வேண்டாம். பாயிண்ட் தேய்ந்திருந்தால் எந்த உலோகமும் அதைச் சரிசெய்யாது. புதிய பிளக்கை வாஷர் தொடும்வரை கையாலேயே திருகி, பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று இறுக்கினால் போதும். அலுமினிய ஹெட்டின் மரை ஒருமுறை போனால் வேலை பெரிதாகிவிடும்.

மூன்றாம் பதில்:
உலர்ந்த கரி என்றால் பெரும்பாலும் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று பொருள். எண்ணெய் ஏறியிருந்தால் முனை ஈரமாகப் பளபளக்கும். பிளக்கை மாற்றுவதற்கு முன் ஏர் ஃபில்டரையும், சோக் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது காற்றைக் குறைக்கும் அடைப்பு) முழுமையாகத் திறக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கலவையின் குறையைச் சூடான பிளக் போட்டு மறைக்கும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது, அது தவறு.

கேட்டவர்:
சோக் பாதியிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து, மரையின் நீளத்தையும் அளந்து, அதே நீளத்தில் டபிள்யூ 7 போட்டேன். நாற்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கழற்றிப் பார்த்தபோது பீங்கான் முனை இளம் பழுப்பு நிறத்தில் இருந்தது. மூவருக்கும் மிக்க நன்றி.