‘முதன்மை நிலைப்புத்தன்மை’க்கு மாற்று: பல் உள்வைப்புக் கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.
பல்லைப் பிடுங்கிய கையோடு அதே குழியில் உள்வைப்பை (செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகை) பொருத்துவது பற்றிய நோயாளிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வரைவில் ‘முதன்மை நிலைப்புத்தன்மை’, ‘இரண்டாம்நிலை நிலைப்புத்தன்மை’ என்றிருக்கிறது. வாசிக்கவே நாக்கு தடுக்குகிறது. நல்ல சொல் தாருங்கள்.

———

பல் மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். ‘முதன்மை’ என்றால் தலைமையானது என்று பொருள்படும். இங்கே அது காலத்தால் முந்தியது, அவ்வளவுதான். பிடுங்கிய குழி உள்வைப்பைவிட அகலம். அதனால் குழியின் அடியைத் தாண்டி 3 முதல் 5 மி.மீ. வரை எலும்பைக் கவ்வித்தான் டைட்டானியத் திருகு அன்றைக்கு நிற்கிறது. பிறகு புது எலும்பு வளர்ந்து உலோகத்தோடு ஒட்டுகிறது. முன்னது தளரத் தளரப் பின்னது ஏறும். ஏறத்தாழ மூன்று, நான்காம் வாரங்களில் மொத்த உறுதி மிகத் தாழ்ந்திருக்கும். வலி போய்விட்டதே என்று நோயாளி கடினமானதைக் கடிப்பதும் அப்போதுதான்! இரண்டும் ஒன்றின் இரு படிகள் அல்ல, வேறு வேறு. முன்னது ‘பிடிப்பு’, பின்னது ‘எலும்பிணைப்பு’.

———

> முன்னது ‘பிடிப்பு’

ஐயா, கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு என்று வழங்கும் சொல் அது. தாடையில் பிடிப்பு என்றால் நோய் என்றே கொள்வார்கள். ‘ஊன்றம்’ என்போம். 415ஆம் குறளில் வழுக்குநிலத்தில் உதவும் ஊன்றுகோல் ‘ஊற்றுக்கோல்’ என வருகிறது. கன்று + ஆ ‘கற்றா’ ஆவதுபோல ‘ன்று’ என்ற மென்றொடர் ‘ற்று’ என்ற வன்றொடராகியிருக்கிறது. வழுக்கலில் நிலைநிறுத்துவது என்ற பொருளே வேரில் இருக்கிறது.

———

குறள் பொருத்தம் அருமை, அம்மா. ஆனால் படிப்பவர் பல்வலியோடு நாற்காலியில் காத்திருப்பவர். ‘ஊன்றம்’ என்றால் யாரிடம் கேட்பார்? இன்னொன்று: திருகும்போது அளக்கும் முறுக்குவிசை முதலாவதைத்தான் காட்டும். உடனடியாகப் பல் மாட்ட 35 நியூட்டன்-செ.மீ. வேண்டும் என்று பலர் வைத்திருப்பது அந்த அளவு. 1 முதல் 100 வரை காட்டும் அதிர்வுக் கருவியோ, அளக்கும் நாளில் இரண்டும் சேர்ந்து தரும் விறைப்பைக் காட்டும். ஆக, பொதுச்சொல்லும் ஒன்று தேவை. ‘உறுதி’ போதாதா?

———

‘எலும்பிணைப்பு’ எலும்போடு எலும்பு சேர்வதுபோலவும் ஒலிக்கிறதே? முறிவு கூடுவதற்கு என்ன சொல்வீர்கள்?

———

அது ‘எலும்பு கூடுதல்’. குழப்பம் வராது.

———

நேரமில்லை, நண்பர்களே. பெரும்பான்மைப்படி ‘உறுதி’, ‘தொடக்கப் பிடிப்பு’, ‘எலும்பிணைப்பு’ என்று அனுப்புகிறேன். மூன்று, நான்காம் வார எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் தனிப்பத்தியாக்கிவிட்டேன்.

———

கையேடு போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் சிகிச்சைக்குப் பின் வாய் திறக்க முடியாமல் தாடைத்தசை இறுகினால் அதையும் ‘பிடிப்பு’ என்றுதான் எழுதப்போகிறீர்கள். ஒரே கையேட்டில் ஒரு பிடிப்பு வேண்டும், இன்னொரு பிடிப்பு கூடாது என்றால் நோயாளி எதை எடுத்துக்கொள்வார்? கலைச்சொல் பட்டியலில் ‘ஊன்றம்’ என் மாற்றுக்கருத்தாகப் பதிவாகட்டும்.